இதய அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பமும் கார்ட்டிசாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்ன நிம்மதியில் இருக்கும் குடும்பத்தார், இரண்டாம் நாள் உள்ளே வந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே வெளியே போவது எங்கள் பிரிவில் புதிதல்ல. "அப்பாவுக்கு என்ன ஆயிற்று சிஸ்டர்? என்னையே யார் என்று கேட்கிறாரே" என்பார்கள். அண்மைக்காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறினால்தான் இப்படி ஆகுமாமே, அதற்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமா?" ஐசியு வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதுகிறேன்.

டெலிரியம் என்கிறார்களே, அது பைத்தியமா?

இல்லை. உடலில் ஏற்பட்ட பெரிய அதிர்ச்சியால் மூளை சில நாட்களுக்குத் தடுமாறும் நிலை அது. மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, திடீரென்று வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேசமாட்டார். இரண்டாவது, ஏறி இறங்கும். காலையில் பேரன் பெயரைச் சரியாகச் சொல்வார், மாலையில் மகனையே அடையாளம் தெரியாது. மூன்றாவது, கவனம் நிற்காது. கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொள்ள முடியாமல் பார்வை எங்கோ போய்விடும். இந்த மூன்றாவதுதான் நோயின் மையம். பிதற்றலும் மாயக் காட்சியும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால் குடும்பத்தார் அதையே பெரிதாகச் சொல்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது கவனத்தை.

பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும். பலருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீளும்.

எல்லோரும் கத்துவார்களா, குழாய்களைப் பிடுங்குவார்களா?

கத்துபவர்கள் குறைவு. விவசாயி ஒருவர், மூன்றாம் இரவு, எழுந்து உட்கார்ந்து மோட்டாரை யார் நிறுத்தியது என்று சத்தம் போட்டார். மார்பில் ஒட்டியிருந்த ஈசிஜி வயர்களைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மடையைத் திறக்க வேண்டும், கரண்ட் போய்விடும் என்றார். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து எழுந்து நீர் பாய்ச்சியே பழகிய மனிதர். ஐசியுவில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் இரைச்சல் அவருக்குப் பம்ப் செட்டாகக் கேட்டிருக்கிறது. இப்படிப்பட்டவரை யாரும் தவறவிடமாட்டார்கள். உடனே ஆள் ஓடிவரும்.

தவறவிடப்படுகிறவர் அடுத்த கட்டிலில் இருப்பார். கண்ணை மூடியபடி படுத்திருப்பார். கூப்பிட்டால் மெல்லத் திறந்து பார்ப்பார், "ம்" என்பார், மறுபடி மூடிக்கொள்வார். சாப்பாடு வாயில் கொடுத்தால் விழுங்க மறந்து அப்படியே வைத்திருப்பார். விரல்கள் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். "நல்ல அமைதியான மனிதர், தொந்தரவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதுவும் டெலிரியம்தான். முதியவர்களிடம் இந்த அமைதியான வகைதான் அதிகம், இதைத்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. உங்கள் வீட்டுக்காரர் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, பேச்சில்லாமல், தூங்கி வழிந்துகொண்டிருந்தால், "ஆபரேஷன் களைப்பு" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் எப்படிப் பேசுவார், எப்படிச் சிரிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

எத்தனை பேருக்கு வருகிறது?

ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. பெய்ஜிங்கில் பைபாஸ் செய்துகொண்ட 243 பேரைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில் 123 பேருக்கு வந்திருந்தது, அதாவது பாதிப் பேருக்கு. போலந்தின் லோட்ஸ் நகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் ஏழில் ஒருவர். நோயாளிகளின் வயது, ஒரு நாளைக்கு எத்தனை முறை சோதிக்கிறார்கள், எந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது இது. கவனித்துத் தேடினால் எண் கூடும். போகிற போக்கில் பார்த்தால் குறையும். எப்படிப் பார்த்தாலும் இது அபூர்வமான சிக்கல் இல்லை.

மருத்துவ உலகத்துக்குப் புதிதும் இல்லை. அறுவை நடக்கும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து, அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்தது 1953இல். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே, இதயத்தைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு வரும் மனக்குழப்பம் குறித்து அமெரிக்க மருத்துவர்கள் கட்டுரைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தூக்கமின்மையையும் ஓயாத இரைச்சலையும் அப்போதே காரணங்களாகச் சுட்டினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஐசியுக்களில் அந்த இரைச்சல் அப்படியே இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கார்ட்டிசால் என்றால் என்ன? அது நல்லதா கெட்டதா?

நீங்கள் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்று கேட்பது இதைத்தான். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் புறப்பகுதியில் சுரக்கும் ஹார்மோன் கார்ட்டிசால். உத்தரவு மேலிருந்து வருகிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது அட்ரினலை வந்து தட்டும்.

இது இல்லாமல் உயிர் வாழ முடியாது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, ஆபத்து நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தருவது, அழற்சி எல்லை மீறாமல் அடக்குவது எல்லாம் இதன் வேலை. ஆகவே மார்பெலும்பைப் பிளந்து செய்யும் ஓர் அறுவைக்குப் பிறகு கார்ட்டிசால் ஏறுவது உடல் செய்யும் சரியான காரியம். ஏறவே இல்லை என்றால்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

சாதாரண நாட்களில் இதற்கு ஒரு தாளம் உண்டு. விடியற்காலையில் ஏறி, நாம் எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுவதும் மெல்ல இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்தில் இருக்கும். பெரிய அறுவைக்குப் பிறகு அளவு கூடுவதோடு இந்தத் தாளமும் குலைந்துவிடுகிறது. இறங்க வேண்டிய இரவில்கூட இறங்காமல் நிற்கிறது.

பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர்கள் 2013இல் இன்னொன்றையும் காட்டினார்கள். தீவிர நோயில் கார்ட்டிசால் உயர்ந்தே இருப்பதற்குச் சுரப்பு கூடியது மட்டும் காரணமில்லை. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல், சிறுநீரக வேலையும் மந்தமாகிவிடுகிறது. வருவது கூடி, போவது குறைந்தால் தேங்கத்தானே செய்யும்?

அது மூளையை எப்படிக் குழப்புகிறது?

நெற்றிப்பொட்டின் உள்ளே, மூளையின் ஆழத்தில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. புதிய நினைவுகளைப் பதிவு செய்வது அதன் வேலை. கார்ட்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே மிக அதிகம். இதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: கார்ட்டிசால் கூடிவிட்டது என்று தெரிந்ததும் "போதும், நிறுத்து" என்று ஹைப்போதாலமஸுக்குச் செய்தி அனுப்புவது. வண்டிக்கு பிரேக் மாதிரி. வயதாக ஆக இந்த பிரேக் தேய்கிறது. முப்பது வயதுக்காரருக்கு வேகமாக இறங்கும் கார்ட்டிசால், எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மெதுவாகவே இறங்குகிறது. நினைவையும் கவனத்தையும் கையாளும் செல்கள் நீண்ட நேரம் அதில் ஊறிக்கிடக்கின்றன.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்குத் தூக்கம் போவதும், மனம் கொந்தளிப்பதும், குழப்பம் வருவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. கார்ட்டிசாலும் அதே குடும்பத்துப் பொருள்தான் என்பதால், உடலே அதிகமாகச் சுரக்கும்போது மூளை தடுமாறுவது ஆச்சரியமில்லை. அட்ரினல் செயலிழந்து கார்ட்டிசால் மிகக் குறைந்தவர்களுக்கும் குழப்பம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு வேண்டியது அளவு.

கார்ட்டிசால் தனியாக வந்து இந்த வேலையைச் செய்வதில்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ரத்தம் சுற்றிவரும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் கூடுகின்றன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2010இல், டெலிரியம் வந்தவர்களிடம் கார்ட்டிசாலும் இன்டர்லூகின்-6உம் இரண்டுமே கூடியிருந்ததைக் கண்டார்கள். வலி, தூக்கமின்மை, ரத்தசோகை, ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்துகளின் மிச்சம் என்று இன்னும் பல கைகள் சேர்ந்தே மூளையைத் தள்ளுகின்றன.

அப்படியானால் கார்ட்டிசால்தான் காரணம் என்று நிரூபணமாகிவிட்டதா?

தொடர்பு நிரூபணமாகியிருக்கிறது. காரணம் என்பது ஆகவில்லை.

மேலே சொன்ன பெய்ஜிங் ஆய்வில் அறுவைக்கு மறுநாள் காலை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்ட்டிசால் அதிகம் இருந்தவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. லோட்ஸ் ஆய்விலும் அதே. அங்கே வயது, ஏற்கெனவே இருந்த நினைவுத்திறன் குறைவு, ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு ஆகியவையும் உடன் நின்றன. இதய அறுவை இல்லாத இடத்திலும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களின் தண்டுவட நீரில் கார்ட்டிசாலை அளந்த ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள், டெலிரியம் வந்தவர்களிடம் அது கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்கள்.

ஆனால் எதிர்த்திசையிலும் யோசிக்க வேண்டும். அதிக வலியில் இருப்பவருக்கும், அறுவை நீண்டு சிக்கலானவருக்கும், கிருமித் தொற்று வந்தவருக்கும் கார்ட்டிசாலும் ஏறும், டெலிரியமும் வரும். குழப்பத்தில் பயந்து நடுங்குகிறவருக்கு அந்தப் பயமே கார்ட்டிசாலை ஏற்றும். எது முன்னே, எது பின்னே என்பதை ஒரு காலை நேர ரத்தப் பரிசோதனை சொல்லிவிடாது.

அறுவைக்கு முன்பே கார்ட்டிசால் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

இதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். லேப்களில் காலை எட்டு மணி அளவாகப் பொதுவாக டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம்வரை போட்டிருப்பார்கள். எவ்வளவு பரந்த எல்லை என்று பாருங்கள். முதல்நாள் இரவு தூங்கவில்லை, ஊசிக்குப் பயந்தார், லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறி வந்தார் என்றால்கூட எண் மாறும். அறுவைக்குப் பிறகு இன்னும் சிக்கல்: ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசாலில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தில் திரவம் கலந்து ரத்தம் நீர்க்கும்போது புரதம் குறைவதால், லேப் தரும் மொத்த அளவு உண்மை நிலையை மறைத்துவிடலாம்.

அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், அந்த நேரத்தை வேறு ஒன்றுக்குச் செலவிடுங்கள் என்பேன். அவருக்கு அண்மையில் மறதி கூடியிருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, காது மந்தமா என்று உட்கார்ந்து யோசித்து மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். கார்ட்டிசால் எண்ணைவிட இது அவருக்குப் பல மடங்கு உதவும்.

ஸ்டீராய்டு ஊசி போட்டு உடலின் பதற்றத்தை அடக்கிவிட முடியாதா?

நல்ல கேள்வி. உலகமே கேட்டுப் பார்த்த கேள்வி. ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி தணியும், உடல் தன் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே டெலிரியம் குறைய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு அறுவையின் தொடக்கத்திலேயே அதிக அளவு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். அவர்களில் 737 பேரைத் தனியாக டெலிரியத்துக்காகக் கவனித்தபோது, மருந்து பெற்றவர்களில் 14.2 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். 18 நாடுகளில் 80 மருத்துவமனைகளில் 7,507 பேருக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைச் சோதித்து 2015இல் வெளியான இன்னும் பெரிய ஆய்விலும் இரு பிரிவிலும் 8 சதவீதம்தான்.

இந்த முடிவுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ரத்தத்தில் ஒரு பொருள் கூடியிருக்கிறது என்பதற்காக மருந்தால் அதை அமுக்கிவிட்டால் நோயாளி தப்பிவிடுவார் என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை. கொடுக்கும் ஸ்டீராய்டே கார்ட்டிசால் பிடிக்கும் அதே வகை ஏற்பிகளில் போய் உட்காரக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. உடல் ஏன் பதறுகிறது என்று பார்த்து அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் குறைப்பதைத் தவிரக் குறுக்கு வழி எதையும் நான் பார்க்கவில்லை.

வேறு தடுப்பு மருந்துகள்?

டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்து, உடலை விழிப்பிலும் பதற்றத்திலும் வைக்கும் நார்அட்ரினலின் சுரப்பைத் தணித்து, தூக்கத்தைப் போன்ற அமைதியைத் தரும். இதய அறுவை அல்லாத முதியவர்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் டெலிரியம் 23 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அமெரிக்காவில் ஏறத்தாழ 800 இதய அறுவை நோயாளிகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை. சில மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அது அவர்கள் முடிவு.

டெலிரியம் வந்த பிறகு கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 566 ஐசியு நோயாளிகளிடம் சோதித்த 2018ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், அது டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போகிறவரைத் தற்காலிகமாக அமைதிப்படுத்த அது உதவலாம். நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயது முதிர்ந்தவர்கள், ஏற்கெனவே மறதி உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், பார்வையோ காதோ மந்தமானவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், முன்பு வேறு அறுவையில் இதேபோல் குழம்பியவர்கள். அவசரமாக நள்ளிரவில் செய்யப்படும் அறுவையில் ஆபத்து கூடும்.

குடிப்பழக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டுமா? சங்கடமாக இருக்கிறது.

சொல்லியே ஆக வேண்டும். மருமகன் எதிரில், சம்பந்தி எதிரில் கேட்டால் "எப்போதாவது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் குடிப்பவருக்கு மருத்துவமனையில் சேர்ந்ததும் சாராயம் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியத் தொடங்கும். வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. அறுவைக்குப் பின் வரும் மற்ற டெலிரியத்தில் நாங்கள் தவிர்க்க நினைக்கும் பென்சோடயசெபைன் என்ற தூக்க மருந்து வகைதான் இதற்குச் சிகிச்சை. காரணம் தெரியாவிட்டால் சிகிச்சையே தலைகீழாகிவிடும்.

தூக்க மாத்திரைக்கும் இது பொருந்தும். அல்பிரசோலம் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் போட்டுவரும் அம்மாக்கள் நிறையப் பேர். அதை ஒரு மருந்தாகவே அவர்கள் எண்ணுவதில்லை. "அது சும்மா தூக்கத்துக்கு" என்று பட்டியலில் விட்டுவிடுவார்கள். அதைத் திடீரென நிறுத்தினாலும் குழப்பம் வரும். வீட்டு மருந்துப் பையை அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். அவையும் பையில் இருக்கட்டும்.

ஐசியுவில் டெலிரியத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்கு இல்லை, கேள்விகள்தான். குழாய் போட்டிருப்பதால் பேச முடியாதவரையும் சோதிக்கும்படி அமைந்த முறை ஒன்று 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம். ‘ஏ’ என்று கேட்கும்போது மட்டும் அவர் கையை அழுத்த வேண்டும். இரண்டு தவறுக்கு மேல் போனால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். பிறகு, கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பது போன்ற கேள்விகள். தலையசைத்தால் போதும்.

பேசுகிறவர்களிடம் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வோம்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. இதை நீங்களும் செய்து பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கிழமைகளை அறிவார். நேற்றுச் சொன்னவர் இன்று வெள்ளியோடு நின்று மேற்கூரையைப் பார்க்கிறார் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். பரீட்சை வைப்பது போல் திரும்பத் திரும்பக் கேட்டு அவரை நோகடிக்காதீர்கள்; ஒரு நாளைக்கு ஒரு முறை போதும்.

ஒன்றை மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை மட்டும் தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது இவையெல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகள். டெலிரியம் என்று எண்ணி ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே வரும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் மூன்றையும் கொண்டுவாருங்கள். அறுவைக்கு முன் கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய இவை பல நாட்களுக்கு வீட்டு அலமாரியிலேயே கிடக்கும். கண் தெரியாமல், காது கேட்காமல், முகக்கவசம் போட்ட அந்நியர்கள் நடுவில் படுத்திருப்பவருக்கு உலகம் எப்படிப் புரியும்? கண்ணாடியை மாட்டிய அரை மணி நேரத்தில் மகளை அடையாளம் கண்டு அழுத அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டிலருகே நின்று முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "அப்பா, நான் உங்கள் மூத்த மகள். இன்று புதன்கிழமை, காலை பத்து மணி. ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்" என்று நிதானமாக. ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். அவர் ஆடு மாடு பற்றிப் பேசினால், "இங்கே மாடு எங்கே இருக்கிறது?" என்று வாதாட வேண்டாம். "மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றால் மனம் அமரும். அவர் திட்டினால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது நோயின் பேச்சு.

குடும்பத்தார் கூடவே இருந்தால் டெலிரியம் வராது என்று உறுதி சொல்லவும் என்னால் முடியாது. பிரேசிலில் 36 ஐசியுக்களில் பார்வையாளர் நேரத்தை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை நீட்டிப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவில் டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் குடும்பத்தாரின் பதற்றம் குறைந்தது. அதுவே எனக்குப் போதுமான காரணம்தான். பயந்த முகத்தோடு வருகிறவரைவிட நிதானமாக வருகிறவர் நோயாளிக்கு நல்லது.

மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்?

வலியைச் சரியாக அடக்க வேண்டும். வலிதான் கார்ட்டிசாலை இடைவிடாமல் ஏற்றும். சுவாசக் குழாயை எடுக்க முடிந்த முதல் வேளையிலேயே எடுக்க வேண்டும். முடிந்த உடனே உட்காரவைக்க வேண்டும், நடக்கவைக்க வேண்டும். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மூன்று நாளாக மலம் போகவில்லையா, உப்பு குறைந்திருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தெரியும் மலச்சிக்கலை நீக்கியதும் தெளிந்தவர்கள் உண்டு.

பிறகு இரவு. மருத்துவமனை அறைகளில் இரவு ஒலி 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஐசியுக்களில் 50க்கு மேல் பதிவாவது சாதாரணம். மானிட்டர் அலாரம், பம்ப் அலாரம், எங்கள் பேச்சுக்குரல், இரண்டு மணிக்கு எடுக்கும் ரத்தம். இவற்றில் எதைக் காலைக்குத் தள்ளலாம், எந்த விளக்கை அணைக்கலாம் என்று ஒவ்வொரு பிரிவும் உட்கார்ந்து பேச வேண்டும். கார்ட்டிசாலின் இரவு இறக்கத்தைத் திரும்பக் கொண்டுவர இருட்டும் அமைதியும் தேவை, அதற்கு எந்தப் பெரிய கருவியும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட எளிய கவனிப்பு பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதைக் கடந்த 852 பேரைக் கவனித்த ஆய்வு 1999இல் வெளியானது. தூக்கம், நடமாட்டம், தண்ணீர், கண்ணாடி, காது, நாள் கிழமை நினைவூட்டல் ஆகியவற்றில் தனிக் கவனம் பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கும் டெலிரியம் வந்தது. அவர்கள் பொது வார்டு நோயாளிகள், இதய அறுவை செய்துகொண்டவர்கள் அல்ல. ஆனாலும் ஸ்டீராய்டு ஊசியால் முடியாததைக் கண்ணாடியும் தூக்கமும் ஓரளவு செய்தன என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கையைக் கட்டிவைத்திருக்கிறார்களே, சரியா?

சுவாசக் குழாயையோ கழுத்து ஊசிக் குழாயையோ பிடுங்கிவிட்டால் உயிர் போகலாம் என்ற நிலையில், குறுகிய நேரத்துக்குச் செய்வது உண்டு. கட்டக் கட்டப் பதற்றமும் கூடும். ஏன் கட்டினீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னால், அவிழ்த்துவிட அனுமதிக்கும் இடங்கள் இருக்கின்றன.

மார்பைத் திறக்காமல் காலின் வழியாக வால்வு வைத்தால் இது வராதா?

குறைவாக வரும். முற்றிலும் வராது என்று சொல்ல முடியாது. எந்த முறை பொருத்தம் என்பதை இதயத்தின் நிலையே தீர்மானிக்கும்.

தெளிந்த பிறகு நினைவாற்றல் பழையபடி திரும்புமா?

பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் நேரம் எடுக்கும். 60 வயதைக் கடந்த 225 இதய அறுவை நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2012இல் வந்தது. டெலிரியம் வந்த 103 பேரில் 40 சதவீதம் பேர் ஆறு மாதம் ஆகியும் தங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வராதவர்களில் அது 24 சதவீதம். ஆகவே வீட்டுக்கு வந்த புதிதில் கணக்கு வழக்கு, வங்கி வேலை, வண்டி ஓட்டுவது இவற்றை அவர் தலையில் உடனே ஏற்றாதீர்கள். மாத்திரைகளைக் கொஞ்ச நாள் நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

அப்பா அதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். வெட்கப்படுகிறார்.

பலருக்கு அரைகுறையாக நினைவிருக்கும். செவிலியர் தன்னைக் கொல்ல வந்ததாகத் தோன்றியது, மருமகளைத் தகாத வார்த்தை சொன்னது, உடையைக் களைந்தது. கனவா நிஜமா என்று தெரியாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குவார்கள். வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யக் கூடாது. உறவினர் கூடும் இடத்தில் கதையாகச் சொல்லவும் கூடாது. அவராகக் கேட்டால் நடந்ததை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "ஆபரேஷனால் வந்தது அப்பா, நிறையப் பேருக்கு வருமாம், மூன்று நாளில் சரியாகிவிட்டது." தூக்கம் வராமல், ஐசியுவை நினைத்துத் திடுக்கிட்டு விழிப்பது வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டெலிரியம் வந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்குக் கண் புரை அறுவையோ, இடுப்பெலும்பு அறுவையோ வேறு ஊரில் நடந்தால், அங்கே இருக்கும் மயக்க மருந்து நிபுணர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.